ஒரு ஈடு தூரம்

சாந்தோம் பவுல்சாமி வாத்தியாரின் டீசல் அம்பாசிடர், எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு ஈடு பஜ்ஜி வேகும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு ஈடு என்றால் சட்டியில் ஒரு தடவைக்குப் போட்டு எடுப்பது; கடிகாரக் கணக்கில் நாலு நிமிஷம், கடற்காற்று அடுப்பை அலைக்கழிக்கும் ஐப்பசி கார்த்திகையில் ஐந்து. தாம்பரமும் நாலு நிமிஷம், கோடம்பாக்கமும் நாலு நிமிஷம், வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் மாதா கோயிலும் நாலு நிமிஷம். அதனால் ஞாயிறு பூசைக்கு நடந்து போனவர்கள் எல்லாம் முழங்காலிட்ட பிறகுதான் காரில் கிளம்பிய வாத்தியாரும் மர்சலின் டீச்சரும் உள்ளே நுழைவார்கள். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டு ஊரே ஊர்ந்த வருஷங்களிலும் இதில் ஒரு விநாடி கூடவில்லை. தக்காளி விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக்கூட அந்தத் தெருவில் யாரும் இதைப் பற்றிப் பேசுவது கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் மூன்று ஸ்டென்ட். முப்பத்துநாலு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பவுல்சாமிக்கு, ஓய்வின் இரண்டாம் வருஷம் இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். கணக்கு டீச்சரான மர்சலின் அதைச் சுழியம் என்று திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து வாத்தியார் வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நிறுத்தி விரல்களை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். பிரச்சினை இட்லியோ இடியாப்பமோ அல்ல, தேவானை. சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடலுக்குத் திரும்பும் சந்து முனையில், விளக்குக் கம்பத்துக்குச் சங்கிலி போட்டுக் கட்டிய தள்ளுவண்டியில் தேவானை பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வெங்காய பஜ்ஜியின் வாசனைக்குக் கலங்கரை விளக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து எரியும் என்று கப்பல்காரர்கள் சொல்வதுண்டு. பள்ளிக்கூட மணி அடித்ததும் அங்கே போய் நிற்பது வாத்தியாரின் இருபது வருஷப் பழக்கம். இனி சாப்பிடக் கூடாது, சரி. போகவே கூடாது என்றால் எப்படி? ஒரு வாரம் யோசித்தார். பிறகு, தான் சாப்பிட முடியாததைக் கார் சாப்பிடட்டும் என்று முடிவு செய்தார்.

தேவானைக்கு இது முதலில் விளங்கவில்லை. “இன்னா வாத்யாரே, பஜ்ஜி வேணாம், எண்ணெ மட்டும் வேணுமா? வூட்ல டீச்சரு தலைக்குத் தேய்க்கப் போறாங்களா?” என்று கேட்டார்.

“வண்டிக்கு ஊத்தப் போறேன்.”

“சரி சரி. வண்டிக்கும் மூணு குழா அடைச்சிக்கப் போவுது.”

மொட்டை மாடியில் ஆய்வுக்கூடம் எழுந்தது. கறுத்த எண்ணெயை மர்சலின் டீச்சரின் பழைய நூல் புடவையில் வடிகட்டி, காய்ச்சித் தண்ணீர் போக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் அளந்து கலந்து, இரண்டு நாள் படியவிட்டு, அடியில் தங்கும் கிளிசரினைத் திறந்துவிட்டு, மேலே நிற்பதைத் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். அதுதான் எரிபொருள். முதல் தடவை சோடா கூடிப்போய் நாற்பது லிட்டரும் சோப்பாக உறைந்துவிட்டது. பங்கு மக்கள் அத்தனை பேரும் ஆறு மாதம் அதில்தான் குளித்து, பஜ்ஜியாக மணத்தார்கள். அந்த வருஷம் தேர்ப் பவனி போனபோது வழி நெடுகப் பசித்து வந்த கூட்டம், கும்பிட்டுவிட்டு, “சட்னி எங்கே?” என்று கேட்டது. வாத்தியார் மனம் தளரவில்லை. எண்ணெய் பட்டு இளகும் என்று ரப்பர் குழாய்களை மாற்றினார். டிக்கியில் இரண்டாவது டேங்க் வைத்தார். எண்ணெய் கெட்டிப்படாமலிருக்க ரேடியேட்டரின் சுடுதண்ணீரைச் செம்புக் குழாய் வழியே அதைச் சுற்றி வரவிட்டார். ஏழாவது மாதம், அடையாறு போய் ஒரு மருந்துச் சீட்டு வாங்கிவர வண்டியைக் கிளப்பினார். ஜன்னலுக்கு வெளியே சொய்யென்று ஒரு சத்தம். இருபக்கமும் கட்டடங்களைச் சுற்றிக் குமிழ் குமிழாக எழுந்தது. கட்டடங்கள் மெல்ல மஞ்சளாகி, பொன்னிறமாகி, ஓரம் லேசாகச் சிவந்ததும் சத்தம் அடங்கியது. அடையாறு வந்திருந்தது. மறுநாள் தாம்பரம் போனார். அதே நாலு நிமிஷம். வாத்தியார் நோட்டில் எழுதிவைத்தார்: எண்ணெய் தன் ஆயுளில் கற்றது ஒரே ஒரு கால அளவுதான், அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

ஆராய்ச்சி மனம் சும்மா இருக்குமா? நொச்சிக்குப்பத்தில் சங்கரா மீன் வறுத்த எண்ணெயை வாங்கி ஊற்றினார். பாதி வெந்ததும் மீனைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மறந்துவிட்டார். அடையாறு பாலத்தின் நடுவில் கார் நிதானமாகப் புரண்டு, கூரையை ரோட்டில் வைத்துக்கொண்டு மீதித் தூரம் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மர்சலின் டீச்சருக்குக் கொண்டை அவிழ்ந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பூனைகள் பதினேழு காரோடு வீட்டுக்கே வந்து, தவக்காலம் முடியும்வரை திரும்பிப் போக மறுத்துவிட்டன. பிறகு மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் எடுக்கும் அம்பி இரண்டு லிட்டர் கேனை நீட்டி, “சார், இது அப்பளம் பொரிச்சது. பாத்து ஊத்துங்கோ, எங்காத்துல இதைப் பக்கத்துல வெச்சிண்டு தும்மக்கூட மாட்டோம்” என்று எச்சரித்தார். வாத்தியார் காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் கிண்டியில் இருந்தார். அவருடைய இடது செருப்பு மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. வாத்தியாரின் முகம் ஒரு வாரம் அப்பளம்போல உப்பியே இருந்தது. மிச்சத்தை மூடி டிக்கியில் போட்டார். அதன்பின் பஜ்ஜி எண்ணெயைத் தவிர வேறெதையும் அவர் நம்பவில்லை.

பெருவெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த தேவானையின் தெருவை ஆளோடு பேரோடு பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாடிக் கட்டடம், ஆறாவது மாடியில் வீடு, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர். கடலைமாவுத் தூக்கோடு இரண்டு பஸ் மாறி வந்து, இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு மாதத்தில் தேவானை பாதியாகிவிட்டார். “இட்த்த வுட்டுட்டா வேற எவனாவது வந்து வண்டி போட்டுக்குவான் வாத்யாரே. இருவத்தேழு வருசம். என் பேரே அந்தக் கம்பத்துலதான் கீது” என்றார். மறுநாள் மூன்று மணிக்கு அம்பாசிடர் பெரும்பாக்கத்தில் நின்றது. மாலையில் ஒரு ஈடு கொண்டுவந்து விடும். கடை கட்டியதும் ஒரு ஈடு கொண்டுபோய் விடும். அவர் எண்ணெய் இல்லாமல் இந்தக் கார் ஓடாது. இந்தக் கார் இல்லாமல் அவர் எண்ணெய் காயாது. அப்படியே ஆறு வருஷம் ஓடிற்று. வாத்தியார் கம்பத்தில் சாய்ந்து வாசனை பிடிப்பார், கை நீட்ட மாட்டார். மர்சலின் டீச்சர் விரல்களை முகர்ந்து பார்த்து, குற்றம் காணாமல், கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே விடுவார்.

பிறகு ஒரு டிசம்பரில் பெரும்பாக்கம் ஏரியாகிப் பத்து நாள் வடியவில்லை. கார் தண்ணீரில் இறங்க முடியாது. காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவானையின் போனும் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிற்று. கடை இல்லாததால் புது எண்ணெய் இல்லை. இருந்த பஜ்ஜி டீசலிலும் மர்சலின் டீச்சர் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்குத் துணி எடுக்கத் தி.நகருக்கு மூன்று நடை போய்வந்துவிட்டார். வாத்தியாருக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டேங்கில் ஒரு போக்குக்கு மட்டும் மிச்சம். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குச் சந்து முனைக்கு வந்தபோது, விளக்குக் கம்பத்தில் யாரோ காயப்போட்டிருந்த மழைக்கோட்டு காற்றில் விலகி, அடியில் ஒட்டியிருந்த மாநகராட்சி நோட்டீஸ் தெரிந்தது. தள்ளுவண்டிக்காரர்கள் அன்று மாலை நாலு மணிக்கு அவரவர் இடத்தில் நேரில் நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. கணக்கெடுக்க வந்த மாணிக்கவாசகம் ஏற்கெனவே இரண்டு கடை தள்ளிச் சுண்டல்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் ஓடிப்போய்க் கெஞ்சினார். மாணிக்கவாசகம் நல்ல மனிதர்தான், ஆனால் வரிசைப்படி போகிறவர். “சார், நாலுன்னா நாலு. மாதா கோயில் மணி அடிச்சதும் பேரைக் கூப்பிடுவேன். அவங்க எங்கே இருக்காங்க, பெரும்பாக்கத்துலயா? அரை மணியில போய்க் கூட்டிட்டு வர ஹெலிகாப்டரா வெச்சிருக்கீங்க?”

“அம்பாசிடர்” என்றார் வாத்தியார்.

பெரும்பாக்கத்தில் தண்ணீர் அன்று காலைதான் வடிந்திருந்தது. கிளம்பினார், சேர்ந்தார், அங்கேயே டேங்க் வறண்டது. கட்டடத்தில் கரண்ட் வந்திருக்கவில்லை, லிஃப்ட் இல்லை. ஒரு ஸ்டென்ட்டுக்கு இரண்டு மாடி என்று பிரித்துக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்த தேவானை அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்து சொம்பை நீட்டினார். தண்ணீரைக்கூட வாங்காமல் விஷயத்தைச் சொன்னார். கைக்கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

“டிக்கியில அம்பியோட அப்பள எண்ணெய் இருக்கு. அதை வேணா…”

“அய்ய, நான் முழுசாப் போய்ச் சேரணும் வாத்யாரே. காலு ஒரு நாளு, தலை ஒரு நாளுன்னா கடைய எவன் பாக்குறது?” தேவானை அடுப்பைப் பற்றவைத்து, சட்டியை ஏற்றி, இருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றினார். வெங்காயம் நறுக்கினார்.

வாத்தியார் பதறினார். “இப்ப பஜ்ஜி போட்டு என்ன? எண்ணெயைச் சோதிக்கணும், சோடா கலக்கணும், ரெண்டு நாள் படியணும், அலசணும்…”

“உன் ரெண்டு நாளு எதுக்குன்னு சொல்லு.”

“எண்ணெய் இளகி ஓடணும். கெட்டியா இருந்தா எஞ்சின் குடிக்காது.”

“சூடாக் கீறப்போ இளகித்தானே கீது? ஆறவுட்டுக்கினு அப்புறம் மருந்து போடுவியா?”

முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்திய வாத்தியார் கடலைமாவைக் கரைக்க உட்கார்ந்தார். மூன்று ஐம்பத்தாறுக்கு முதல் வளையம் எண்ணெயில் விழுந்தது. சொய்யென்றது. குமிழி எழுந்தது. மஞ்சளாகி, பொன்னிறமாகி, ஓரம் சிவந்தது. நாலு மணிக்குத் தேவானை ஜல்லிக் கரண்டியால் வாரித் தட்டில் போட்டார். வாத்தியார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு, “மணி நாலு, தேவானை. முடிஞ்சுது” என்றார். தேவானை காதில் வாங்கவில்லை. கொதிக்கிற சட்டியைத் துணி சுற்றிப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து, “கமலா, புடி! சூடு, சூடு!” என்று கத்தினார். ஐந்தாவது மாடி வாங்கியது, நாலாவது வாங்கியது. முந்தானையும் துண்டும் கிழிந்த போர்வையும் கைமாறிக் கைமாறி ஒரு சொட்டுச் சிந்தாமல் சட்டி தரைக்கு இறங்கியது. எல்லாரும் அடையாற்றங்கரையில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். வெள்ளத்தில் பிள்ளைகளை இப்படித்தான் கைமாற்றி மேடேற்றினார்கள். மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றும்போது டேங்க் சிணுங்கியது. மணி நாலு ஆறு.

“இப்ப போயி என்ன பண்றது?” என்றார் வாத்தியார்.

“ஓட்டு வாத்யாரே. பயமாக் கீதுன்னா சொல்லு, நான் ஓட்டறேன்” என்று தேவானை, ஆவி பறக்கும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது.

சந்து முனையில் வண்டி நின்றபோது வாத்தியாரின் கைக்கடிகாரம் நாலு பத்து காட்டியது. மாதா கோயில் மணி அப்போதுதான் நாலு அடித்துக்கொண்டிருந்தது. ஆறிய எண்ணெய் தன் ஈட்டை முதலிலிருந்து மறுபடி வேகவைத்துத்தான் பழக்கம். இது சட்டியிலிருந்து சூடாக இறங்கிய எண்ணெய், அதன் ஈடு இன்னும் முடியவில்லை. அதனால் பஜ்ஜி வெந்த அதே நாலு நிமிஷத்துக்குள், மூன்று ஐம்பத்தாறிலிருந்து நாலுக்குள், பயணத்தையும் முடித்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷம் தேவானை இரண்டு இடத்திலும் இருந்தார். பெரும்பாக்கத்தில் அவர் கையிலிருந்து கமலா சட்டியை வாங்கிக்கொண்டிருந்தபோது, சாந்தோமில் மாணிக்கவாசகம், “தேவானை!” என்று கூப்பிட, “இங்க கீறேன்” என்று குரல் வந்தது. இரண்டு பக்கமும் சாட்சி உண்டு.

மாணிக்கவாசகம் பேனாவைத் திறந்தார். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஊதிச் சாப்பிட்டு, பேனாவைத் துடைத்து, படிவத்தில் இறங்கினார். “வீட்டுக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு ஈடு.”

எழுதிக்கொண்டார். “முகவரி? ஆத்தங்கரையில இருந்ததா, இப்ப இருக்கிறதா, எதைப் போட?”

தேவானை கம்பத்தையும் பார்த்தார், காரையும் பார்த்தார். “ரெண்டுலயும்தான் கீறேன். ரெண்டையும் எழுது, நைனா.” அதையும் எழுதிக்கொண்டார். மேலதிகாரிகள் யாரும் இன்றுவரை அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

அதற்குள் செய்தி எட்டி மர்சலின் டீச்சர் வந்துவிட்டார். கணவரின் வேர்த்த சட்டையையும் மூச்சையும் பார்த்தார், வழக்கம்போல விரலை முகர்ந்தார். எண்ணெய், அதுவும் சுடச்சுட. தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துச் சரிபாதியாகப் பிய்த்து, கணக்கு டீச்சர் கண்ணால் அளந்து, சின்னப் பாதியை வாத்தியார் வாயில் வைத்தார். “வியாழனுக்கு வியாழன், இவ்வளவுதான்” என்றார்.

தேவானைக்குக் கிடைத்த கடை அனுமதி அட்டை இப்போது கம்பத்திலேயே பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. யாராவது மயிலாப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பெரும்பாக்கத்துக்காரர்கள் ஈட்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். வாத்தியாரின் கைக்கடிகாரம் அன்று முந்திய பத்து நிமிஷத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. மர்சலின் டீச்சர் அதைப் பார்த்துத்தான் உலை வைக்கிறார். பூசைக்கு இப்போது இருவரும் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.