தகப்பன் கட்டத்தில் தாத்தா பெயர்

“அப்படிப் பாத்தா உங்க ரெண்டு பேருக்கும் அண்ணன் தங்கச்சி முறை ஆவுது. நான் சொல்லல, ரெக்கார்டு சொல்லுது.”

சொன்னவன் தியோடர், பவுலினின் அத்தை மகன். கோயில் ஞானஸ்நானப் பதிவுகளை ஏற்றியிருந்த வெப்சைட்டிலிருந்து அவன் எடுத்துவந்த பிரிண்ட் அவுட்டை அவள் மறுபடியும் படித்தாள். கண்டோன்மென்ட் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை லாரன்ஸ், தகப்பன் சவரிமுத்து. சவரிமுத்து அவளுடைய தாத்தா, அப்பாவைப் பெற்றவர். லாரன்ஸ், அவள் கட்டிக்கொள்ளப்போகும் யூஜினின் அப்பா. தாய் என்ற இடத்தில் யூஜினின் பாட்டி பெயர். யூஜினின் தாத்தா என்று ஊரறிந்த மனிதர் அதில் எங்குமே இல்லை.

தாத்தாவும் லாரன்ஸும், யூஜினின் தாத்தா பாட்டியும் போய்ச் சேர்ந்து பல வருடம். கேட்டுத் தெளிய ஆளில்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் அறிவிக்கும் கல்யாண ஓலையை ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை வாசிப்பதாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அப்பா ஃபாதருக்கு போன் செய்தார். மாலை போட்ட தாத்தா போட்டோவை அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பவுலினும் தாத்தாவைச் சந்தேகப்பட்டாள். கிறிஸ்துமஸ் தவறாமல் லாரன்ஸுக்குப் புதுத்துணி எடுத்தாராமே, அது எதற்கு?

மறுநாள் பொம்மனஹள்ளி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதே வெப்சைட்டில் தன் பெயரைத் தேடினாள். அப்பா, அம்மா, தேதி எல்லாம் சரி. ஞானத்தாய் மட்டும் இல்லை. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திப் பொறுப்பேற்ற ஞானத்தாய் தியோடரின் அம்மாதான். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பாவாடை எடுத்துக்கொடுத்தவள். வேறு பெயர்களையும் போட்டுப் பார்த்தாள். ஞானப்பெற்றோருக்கு அங்கே கட்டமே கிடையாது. ஆனால் கோயில் புத்தகத்தில் அவர்கள் பெயரை எழுதாமல் எந்த ஃபாதரும் விடமாட்டார்.

ஞானத்தகப்பனும் துணி எடுப்பார், தாத்தா லாரன்ஸுக்கு எடுத்த மாதிரி.

 அந்தப் புத்தகங்களைப் பார்த்து வெப்சைட்டுக்கு டைப் செய்தவன் தியோடர். சாயங்காலங்களில் கோயில் ஆபீஸ் பீரோ சாவியும் அவனிடம்தான். போன வருடம் அத்தை அவனுக்காகப் பெண் கேட்டு வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவள் பவுலின்.

அன்று சாயங்காலம் ஆபீஸில் அவன் தனியாக இருந்தான். கோயில் புத்தகத்தில் தகப்பனுக்கு அடுத்த கட்டம் யாருடையது என்று அவள் கேட்டாள். ஞானத்தகப்பன் என்றான். ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது கண் ஒரு கட்டம் தள்ளிப்போயிருக்கலாம் என்று சிரித்தான். உடனே, தான் அப்படியெல்லாம் தப்பு பண்ணுகிறவன் இல்லை என்றான். பிறகு, அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றான்.

பீரோவின் கண்ணாடிக் கதவு வழியே ஞானஸ்நானப் புத்தகங்களின் தடித்த முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. இடையில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லை.

“பீரோவத் தொற, தியோ,” என்றாள். “புக்க நீ தொட வேணாம். அந்தப் பக்கத்த நானே பாத்துக்கறேன்.”