நாய்க்கு டிரைவர் சீட்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் திவ்யா படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்தாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் காலை வாரிவிட, படிப்பு அதோடு நின்றுபோனது. கவுன்ட்டரில் இருந்த காவ்யஸ்ரீ என்கிற காவ்யா கல்யாணமாகிச் சேலத்துக்குப் போகிறாள். அந்த நாற்காலியைத் திவ்யாவுக்குக் கொடுக்கும்படி அவளே முதலாளி ஹரிராமிடம் கேட்டிருந்தாள்.

"வெளிநாட்டுக்காரங்க வாராங்க. இந்தப் புள்ள இங்கிலீஷ் பேசுமா?" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை பாப்போம்."

அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. போன வாரம் லாட்ஜ் வாசலில் ஒரு வெள்ளைக்காரரின் காலை நாய் கவ்விவிட்டது. திவ்யா மாடிக்கு ஓடி, அவர் மனைவியிடம் "யுவர் ஹஸ்பெண்ட் டாக் பைட்" என்றாள். தன் கணவர் எதற்காக நாயைக் கடித்தார் என்று அந்தம்மா பதறிப்போனாள். நல்லவேளை, பல் ஆழமாகப் பதியவில்லை, பேண்ட்தான் கிழிந்தது. ஆனால் லாட்ஜே சிரித்தது. அதிலிருந்து திவ்யா இங்கிலீஷ் பக்கமே போகவில்லை.

காவ்யா விடவில்லை. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"தமிழ்ல 'புருஷனை'ன்னு ஒரு 'ஐ' ஒட்டிட்டா அவரை எங்க வேணா வைக்கலாம். இங்கிலீஷ்ல அது கிடையாதுடி. உக்காந்திருக்கிற இடத்த வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிக்கணும். மினி பஸ்னு வச்சுக்க. செய்யிறவன் டிரைவர், முன்னாடி. செய்யிற வேலை கண்டக்டர், நடுவுல. மாட்டிக்கிட்டவன் பயணி, பின்னாடி."

"நாய்க்கா டிரைவர் சீட்டு?"

"கடிச்சது அதுதான."

"ஒங்களுக்கு இதெல்லாம் சட்டுனு வந்துருச்சாக்கா?"

"எங்க வீட்டுல பேசுற சௌராஷ்ட்ராவுலயும் தமிழ் மாதிரியே வேலை கடைசியிலதான் வரும். நானும் கண்டக்டரக் கடைசி சீட்டுல தூங்கவிட்டவதான்."

நாய் கவ்விய நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் திவ்யா சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஹரிராம் கேட்டார்: "அன்னைக்கு வாசல்ல என்ன நடந்துச்சு? இங்கிலீஷ்ல சொல்லு."

திவ்யா மனதுக்குள் மினி பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாள். முதலில் டிரைவரை உட்காரவைத்தாள். "த டாக்..." கண்டக்டரைத் தேடிப் பிடித்தாள். "பிட்... த கெஸ்ட்."

"இப்பத்தான் நாய் கடிச்சிருக்கு." கவுன்ட்டர் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார் ஹரிராம். "யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் தமிழில்தான் கேட்டார். தமிழிலேயே பதில் சொல்லியிருக்கலாம். திவ்யா காவ்யாவைப் பார்த்தாள்.

"காவ்யா டாட் மீ."

சொல்லிக்கொடுத்தவளை முன்சீட்டில் ஏற்றிவிட்டுத் தான் பின்னால் உட்கார்ந்துகொண்டது திவ்யாவுக்கு நிறைவாக இருந்தது.