கருப்பாயி இறங்கிய குழி

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சிராங்கூன் சாலையில் வரி கட்டும் வீட்டுக்காரர்களுக்குத்தான் ஓட்டு. ஒற்றை எருமையை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் இந்த அன்னம்மாவிடம் வந்து எதற்குப் பல்லைக் காட்ட வேண்டும்?

அந்த எருமையும் அப்போது சாகக் கிடந்தது. மாடுகள் முங்கிக் கிடக்கும் குளத்தை, கடை கட்டப் போவதாகச் சொல்லி நிலக்காரர் மண் கொட்டி மூடிவிட்டார். தண்ணீரில் கிடக்காத எருமை உருப்படுமா? கருப்பாயிக்குத் தோல் வெடித்தது. நான்கு படி கறந்தவள் ஒரு படிக்கு இறங்கிவிட்டாள். அவளும் போய்விட்டால் நான் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குக் கோணி தைக்கத்தான் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜவுளிக்கடை ஒலி முகம்மது மரைக்காயர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். முனிசிபல் தேர்தலில் நிற்கிறாராம்.

"எனக்கு ஓட்டு கெடையாது மரைக்காயரே. என் எருமைக்கும் கெடையாது" என்றேன்.

"தெரியும்மா. இங்க என்ன கொறைன்னு கேக்கத்தான் வந்தேன்."

கொட்டித் தீர்த்தேன். மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு வண்டியில் இரண்டு பீப்பாய் தண்ணீர் அனுப்பினார். கருப்பாயியின் முதுகு நனைவதற்குள் தீர்ந்து போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் நேராக அவர் கடைக்கே போய்விட்டேன்.

"தெளிச்சு விட்டா போதுமா? அது முங்கிக் கெடக்கணும்! மத்தியான வெயில்ல வந்து அது படுற பாட்டப் பாருங்க, அப்பத் தெரியும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எம்மேல பிசகுதான். நாளைக்கு வர்றேன்."

வந்தார். உச்சி வெயிலில் குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கருப்பாயியின் பக்கத்திலேயே நின்றார். எவ்வளவு ஆழம் வேண்டும், எத்தனை நாழிகை கிடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போகும்போது வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பத்து நாள் ஆளையே காணோம். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பதினோராம் நாள் காலையில் முனிசிபல் ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சாலைக் கோடியில் பழைய செங்கல் சூளைக் குழி ஒன்று நீர் நிரம்பிக் கிடந்தது. அதைச் சுற்றிப் போட்டிருந்த கம்பி வேலியை ஒரு பக்கம் திறந்து, மாடு இறங்கச் சரிவும் வெட்டி வைத்திருந்தார்கள். மனுக் கொடுத்து, தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாராம்.

கருப்பாயி முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு நான்கே எட்டில் இறங்கிப் படுத்துவிட்டாள். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிந்தன. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். நான் அழுதுவிட்டேன்.

"என்ன இருந்தாலும் எனக்கு ஓட்டு இல்லையே, மரைக்காயரே" என்றேன்.

"அதான் அன்னைக்கே சொன்னியேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

ஓட்டுப் போடும் நாள் வருவதற்குள் கருப்பாயி மூன்று படிக்கு ஏறிவிட்டாள். அன்று விடிகாலையில் பால் ஊற்றிய வாசலில் எல்லாம் நின்று, இந்தப் பால் எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

மரைக்காயர் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். நான் பால் ஊற்றுவது பதினொரு வீடு, அத்தனையும் வரி கட்டும் வீடு.