கால் அறுத்த நாற்காலி

என் மகள் நவ்ரீனுக்குப் பதின்மூன்று மாதம். அவள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது இந்த வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் தெரிந்தவர் ஜீனத் மதினி, என் கணவர் நசீரின் அக்கா. மூன்று பிள்ளை வளர்த்தவர். அதை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்லவும் செய்வார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மேலே கிடத்தி, இரண்டு விரலால் கன்னத்தை அழுத்துவார். வாய் திறந்ததும் ஒரு கவளம் உள்ளே போகும். முரண்டு பிடித்தால் முகத்துக்கு எதிரே செல்போன். என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் நவ்ரீன் தின்பாள். பிறகு மொத்தத்தையும் என் தோளில் கக்குவாள்.

போன மாதம் எடை பார்க்கக் கொண்டுபோனேன். இரண்டு மாதமாக ஒன்றுமே ஏறவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நர்ஸ் கரோலினிடம் சொன்னேன். "படுக்கப் போட்டு ஊட்டாதீங்கம்மா, பொரை ஏறும். நேரா உக்கார வெச்சு முன்னாடி வைங்க, அவளே எடுத்துத் தின்னட்டும்" என்றார். வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தேன். "பெத்தவளுக்குப் பொறுமை இல்லேன்னா நர்ஸ் என்ன செய்வா?" என்றார் மதினி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை மெலிந்துகொண்டே போகிறாள், இவர்கள் என் பொறுமைக்கு மார்க் போடுகிறார்கள்.

மறுநாளே நாற்காலி வாங்கப் போனேன். வண்ணாரப்பேட்டைக் கடையில் மாசானம் அண்ணன் ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்று சக்கரம் வைத்தது, ஒன்று பாட்டுப் பாடுவது, ஒன்று மெத்தை தைத்தது.

"மெத்தையில ரசம் ஊத்திகினா யாருண்ணே தோய்க்கிறது? தையல்ல சோறு பூந்துகினா எறும்பு வராதா?"

மூலையில் ஒன்று தூசியோடு நின்றது. வெள்ளை பிளாஸ்டிக் இருக்கை, கழற்றிக் கழுவ ஒரு தட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட், நான்கு மெல்லிய குழாய்க் கால்கள். அவ்வளவுதான். குலுக்கினேன், அழுத்தினேன், பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"அது ரொம்ப சாதா மாடலும்மா. யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன்ல. கட்டிக் குடுங்க."

எல்லாம் பார்த்தவள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அது மேசையில் சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்த நாற்காலி. எங்கள் வீட்டில் மேசையே கிடையாது.

ராயபுரத்தில் என் புகுந்த வீட்டில் தரையில்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். நாற்காலி வாங்கிய வாரம், ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்புமுன் பாய் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு நவ்ரீனை உட்கார வைத்தேன். கொலுசு போட்ட இரண்டு பாதமும், தரையில் உட்காருகிறவர் முகத்துக்கு நேராகத் தொங்கின.

மதினி நெய்ச்சோற்றுச் சட்டியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சோத்துக்கு மேல காலா? வாப்பா மூஞ்சிக்கு நேரா காலா? இதைத்தான் ஒங்க காசிமேட்டுல சொல்லிக் குடுத்தாங்களா?"

வாப்பா என்றது என் மாமனாரை. கால் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் பிறந்து வளர்ந்த காசிமேட்டை எதற்கு இழுக்க வேண்டும்?

"இதைத் தூக்கிப் பரண்ல போடு. புள்ளையை இப்படிக் குடு, நான் ஊட்டுறேன்." சட்டியை வைத்த கையோடு செல்போனை எடுத்தார். அதைப் பார்த்ததும் நவ்ரீன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் மதினி."

பிள்ளையை இடுப்பிலும் நாற்காலியைக் கையிலுமாக மொட்டைமாடிக்கு ஏறினேன். மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறும் கொக்கியும் விற்கிறவர் நசீர். கடைச் சாமானில் பாதி எங்கள் மாடி அறையில்தான் கிடக்கும். நவ்ரீனை ஒரு கயிற்றுச் சுருளுக்குள் உட்கார வைத்தேன். இரும்பறுக்கும் ரம்பத்தைத் தேடி எடுத்தேன். இருக்கைக்குக் கீழே ஒரு சாண் மட்டும் விட்டு அளந்து, முதல் காலில் வைத்து இழுத்தேன்.

இரண்டு கால் முடிந்தபோது சத்தம் கேட்டு நசீர் ஓடிவந்தார்.

"ஏய், புதுசுடி அது! பேஜாரு பண்ணாத, கீழ வாப்பா வந்து உக்காந்துட்டாரு."

"இன்னும் ரெண்டு கால் கீது. வந்து புடிச்சுக்கோங்க."

என்னைப் பார்த்தார். கயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். குனிந்து பிடித்துக்கொண்டார். அறுத்த முனைகளை அரத்தால் தேய்த்து, ரப்பர் குமிழ்களைத் திரும்ப மாட்டினோம்.

கீழே சஹனில் நெய்ச்சோறும் மீன் ஆணம் என்கிற குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. எனக்கும் நசீருக்கும் நடுவில் நாற்காலியை வைத்தேன். இப்போது நவ்ரீனும் எங்களோடு தரையோடு தரையாக, பாதம் பாயில் பட உட்கார்ந்தாள். மாமனார் சௌக்கத் அலி அந்தக் குட்டைக் கால்களைப் பார்த்து, "நல்ல சாமானைப் பாழாக்கிட்டியேம்மா" என்று சொல்லிவிட்டு பிஸ்மி சொல்லிக் கைவைத்தார். நவ்ரீனின் தட்டில் பிசைந்த சோறு கொஞ்சம், வெந்த பூசணித் துண்டு, முள் எடுத்த மீன் வைத்தேன்.

பூசணியை நசுக்கித் தலையில் தேய்த்துக்கொண்டாள். சோற்றைத் தட்டினாள். மதினிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கவளத்தை உருட்டி அவள் வாய்ப் பக்கம் நீட்டினார்.

"அது அவ பக்கம் மதினி. சஹன்ல அடுத்தவங்க பக்கம் கை போடக்கூடாதுன்னு கல்யாணமாகி வந்தன்னிக்கு எனக்குச் சொன்னது நீங்கதானே?"

கவளம் நடுவழியில் நின்றது. வேறு போக்கிடம் இல்லாமல் அதை அவரே தின்றார்.

நவ்ரீன் ஒரு மீன் துணுக்கை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டு நான்கு பல்லால் மென்றாள். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். கிண்ணத்தைக் கண்டு முகம் திருப்புகிற என் பிள்ளை, தானே எடுத்துத் தின்கிறாள்! நான் அழவில்லை. அழுதால் மதினி அதற்கும் ஒன்று சொல்வார்.

நாங்கள் நால்வரும் முடித்துவிட்டோம். மாமா முழங்காலில் இடதுகையை ஊன்றி எழுந்தார். சஹனில் உட்கார்ந்தவர்களில் கடைசி ஆள் முடிக்கும்வரை மற்றவர் எழக்கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம். போட்டவர் மாமாதான். புதுப்பெண்ணாக வந்தபோது, அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை கை காய எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்!

"உக்காருங்க மாமா" என்றேன்.

"என்னம்மா?"

"இன்னும் ஒரு ஆளு சாப்ட்டுகினு கீறா."

மாமா பாதி எழுந்த நிலையில் பேத்தியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, வேலையாக இருந்தாள். மெல்ல மறுபடி சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நவ்ரீனுக்கு ஓர் அவசரமும் இல்லை. கையில் சோறு காயக் காய நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அவள் அடுத்த பருக்கையைப் பொறுக்கினாள்.