போர்ஷனில் இல்லாத கேள்வி

கிழக்குப் பந்தலுக்குள் சீனிச்சாமி கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேற்கே இருந்த ஒரு ஏக்கரில் எப்போதும்போல் கவாத்து பண்ணினார், மருந்து அடித்தார், கம்பத்து யாவாரிக்குத் திராட்சை வெட்டிக் கொடுத்தார். கிழக்கே இருந்த அரை ஏக்கரை மட்டும் அப்படியே போட்டுவிட்டார். கொடி தன் இஷ்டத்துக்குப் படர்ந்து, கல்தூண்களைச் சுற்றி, கம்பியே தெரியாமல் மூடிக்கொண்டது. பட்டப்பகலில் உள்ளே இருட்டு. கேட்டவர்களிடம் வேர் அழுகிப்போச்சு என்று சொன்னார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பவில்லை என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

வேரில் ஒன்றும் கோளாறு கிடையாது. சத்தம்தான் காரணம். காலை பத்து மணி வாக்கில், வெயில் ஏறும்போது, உள்ளேயிருந்து முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயரின் கைப்பிடி ஏறி இறங்குவது கேட்கும். டக், டக். அப்புறம் ஒரு சீறல். நாலு எட்டு வைக்கிற நேரம் ஓயும். மறுபடி டக், டக். கூடவே மருந்து வாடை. முதலில் பக்கத்துத் தோட்டத்துச் சத்தம் என்றுதான் நினைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடியை அழித்துத் தென்னை வைத்து நாலு வருஷம் ஆகிறது.

நாலு எட்டு வைத்து நிற்பது அவர் மகன் தமிழ்மாறன் பழக்கம்.

அவன் தேனிப் பக்கம் ஒரு காலேஜில் பயிர் சம்பந்தமான படிப்பு படித்தான். பரீட்சை முடிந்து லீவுக்கு வந்த அன்றைக்கே கிழக்குப் பந்தலில் மருந்து அடித்தான். சாயங்காலம் வாந்தி எடுத்தான், கண்ணு தெரியல என்றான். மறுநாள் உச்சிவேளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

அவன் காலேஜ் நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. சீனிச்சாமி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். மருந்து அடிக்கும் முறை என்ற பாடத்தில், மருந்து சீறும் நாசிலைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில் பென்சிலால் பையன் எழுதியிருந்தான்: ‘நம்ம ஊரில் கொடி தலைக்கு மேலே. கீழே பார்த்து எப்படி அடிக்க? சாரிடம் கேட்டேன். போர்ஷனில் இல்லை, உட்கார் என்றார்.’

அந்த நாலு வரியைப் படித்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. படித்து முடித்ததும், தன் மகனைக் கொன்றது யார் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்க விடாமல் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

தை மாசத்தில் ஒரு நாள் அந்த வாத்தியாரே தோட்டத்துக்கு வந்து நின்றார். பெயர் சுந்தர்ராஜ். ஒல்லி உடம்பு, பாதி நரைத்த தலை. இன்னாரென்று சொன்ன பிறகும் சீனிச்சாமி கையிலிருந்த கவாத்துக் கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

வந்தவர் நின்றபடியே சொன்னார். காலேஜில் வாத்தியார்களையெல்லாம் உட்காரவைத்து இரண்டு நாள் பயிற்சி நடந்ததாம். நோட்ஸை வாசித்துச் சொல்வதை விடுங்கள், பிள்ளைகளைக் கேட்க விடுங்கள், அவர்களையே செய்து பார்க்க விடுங்கள் என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா பேசினாராம். இவர் இருபத்து நாலு வருஷமாக ஒரே நோட்ஸ் சொல்கிறவர். இதெல்லாம் பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கும் என்று கடைசி வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாராம். மத்தியானம் அந்த அம்மா ஆளுக்கொரு தாள் கொடுத்து, நீங்கள் பதில் சொல்லாமல் உட்காரவைத்த கேள்வி ஒன்றை எழுதுங்கள் என்றிருக்கிறார்.

“வேற ஒண்ணும் நெனப்பு வரலைங்கய்யா” என்றார் சுந்தர்ராஜ். “அந்தப் பாடம் எடுக்குறப்பல்லாம் போர்டுல எழுதிட்டுத் திரும்புனா மூணாவது பெஞ்சுல ஒரு ஆள் நிக்குது. நான் அந்தப் பக்கம் பாக்குறதே இல்ல.”

“அவன் கேட்டப்ப ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“பதில் தெரியல. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து அந்தக் கேள்வியை அவர்களிடமே கொடுக்க வேண்டும், தலைக்கு மேலே கொடி இருக்கிற இடத்தில் நிறுத்திச் செய்து பார்க்க விட வேண்டும், அதற்குத் தோட்டம் வேண்டும் என்றார். சீனிச்சாமி அந்தப் பேச்சை நம்பவில்லை. செத்தவனை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறான் என்றுதான் பட்டது. இதனால் உங்களுக்குப் புரமோசன் உண்டா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றார். போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவீர்களா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றார்.

“சரி. கெழக்குப் பந்தல்லதான் நடக்கணும். பத்து மணிக்கு. ஸ்ப்ரேயர நீங்கதான் மாட்டணும்.”

வாத்தியார் தலையாட்டினார். சீனிச்சாமி மனசில் இருந்தது பாடம் இல்லை. அந்த ஆளை உள்ளே நிறுத்தி, அந்தச் சத்தத்தை அவர் காதால் கேட்க வைக்க வேண்டும். இரண்டு வருஷமாகத் தான் ஒருத்தனே கேட்டுக்கொண்டிருப்பது அநியாயம் என்று அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை பதினாலு பேர் வந்தார்கள். சீனிச்சாமி வாசல் பக்கம் கொடியை வெட்டி வழி விட்டார். தான் உள்ளே போகாமல் முதல் தூணோடு நின்றுகொண்டார். அவர் வீட்டுக்காரி அக்கம்மாள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் ஓரமாக நின்றாள்.

பிள்ளைகளில் பாதிப்பேர் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாத்தியார் வாயைப் பார்த்தார்கள். அவர் கேள்வியை மட்டும் சொன்னார். கொடி தலைக்கு மேலே. மேலே பார்த்து அடித்தால் மருந்து எங்கெங்கே விழுகிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். வாத்தியாரின் கை இரண்டு தடவை சட்டைப் பைக்குப் போய், அங்கே நோட்ஸ் இல்லாததால் திரும்பி வந்தது. நெற்றியில் வேர்த்தது. உட்கார் என்று சொல்லிப் பழகியவருக்குச் சும்மா நிற்பது எவ்வளவு பாடு என்று சீனிச்சாமி பார்த்தார். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

போடிப் பக்கத்திலிருந்து வரும் கயல் என்ற பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தது. டேங்கில் தண்ணீரை ஊற்றிச் சொட்டு நீலத்தைக் கலந்தால் விழுந்த இடம் தெரியும் என்றது. வெள்ளைத் துணி வேண்டுமே என்று இன்னொருத்தி கேட்டாள். வாத்தியார் போட்டிருந்ததோ காப்பிக் கலர் சட்டை.

“அதையும் நீலமாக்கிருவோம் சார்” என்றான் விஜய்ராஜ் என்ற பையன். “அப்பிடியே பஸ்ல நின்னா டிரைவர் ஒங்கள எறக்கிவிட்ருவாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது அக்கம்மாள் வீட்டுக்குள் போனாள். தோட்டத்தை ஒட்டித்தான் வீடு. திரும்பி வரும்போது அவள் கையில் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. தமிழ்மாறனுடைய காலேஜ் சட்டை.

“அத எதுக்கு எடுத்தாந்த?” என்றார் சீனிச்சாமி.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையை வாத்தியார் கையில் கொடுத்தாள்.

சுந்தர்ராஜ் அதைப் போட்டுக்கொண்டார். தோள் சரியாக இருந்தது. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனார். டக், டக். சீறல். நாலு எட்டு. யாரும் அவருக்கு நாலு எட்டு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சீனிச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று வாத்தியாருடையது. இன்னொன்று அதற்குக் கொஞ்சம் பின்னால், அதே கதியில் வந்தது. வெள்ளைச் சட்டை இலைகளுக்கு நடுவில் போவதும் மறைவதுமாக இருந்தது. முகம் தெரியவில்லை.

வரிசை முடிந்து வெளிச்சத்துக்கு வந்தபோது அந்த ஆள் நீலமாக இருந்தார். நெற்றி, கழுத்து, தோள், நெஞ்சு. தூக்கிய கை வழியாக வழிந்து அக்குள் வரைக்கும் நனைந்திருந்தது. பிள்ளைகள் இப்போது வாத்தியாரைக் கேட்கவே இல்லை. சுற்றி நின்று பேனாவால் கறையைச் சுற்றி வட்டம் போட்டார்கள், தாளில் ஒரு ஆள் உருவம் வரைந்து புள்ளி வைத்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் மறுத்துப் பேசினார்கள். தாளில் இருந்த உருவத்தில் வெள்ளை இடம் குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தமிழ்மாறன் படுத்திருந்ததை சீனிச்சாமி பார்த்திருக்கிறார். அவன் உடம்பில் எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று யாரும் அவருக்கு இப்படி வரைந்து காட்டியதில்லை.

கயல் அவரிடம் வந்தாள். “ஐயா, சார் சொன்ன அந்த அண்ணன் அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இருந்தாக் குடுங்க. அந்தக் கறையையும் இதையும் வச்சுப் பாக்கலாம்.”

“அதுதான் ஆத்தா இது” என்றாள் அக்கம்மாள். “அன்னைக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சு.”

கயலுக்குப் புரியவில்லை. “எப்பிடிக் கறை படாம இருக்கும்?”

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீலம் சொட்டச் சொட்ட சுந்தர்ராஜும் பார்த்தார். போய் வேலையைப் பாரு என்று அந்தப் பிள்ளையை அதட்டிவிட சீனிச்சாமிக்கு வாய் வரைக்கும் வந்தது. அதட்டினால் அது போயிருக்கும். அன்றைக்கு மூணாவது பெஞ்சில் இருந்தவன் உட்கார்ந்த மாதிரி இதுவும் உட்கார்ந்திருக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“சட்டை போடல” என்றார். “காலேஜ்லருந்து இதோடதான் வந்தான். கறையாயிரும், கழட்டிப் போட்டுட்டு அடின்னேன். பழைய முழுக்கைச் சட்டை எடுத்துட்டு வாரேம்ப்பான்னான். வெயில் ஏறுது, நான் முப்பது வருசமா வெறும் ஒடம்போடதான அடிக்கேன், போடான்னேன். இந்தத் தூண்லதான் தொங்கப்போட்டான்.”

விஜய்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். கயல் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது.

“ரெண்டு வருசமா இதச் சொல்வீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் அக்கம்மாள். காலி மோர்த் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாத்தியார் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சீனிச்சாமி அவரை வெளியே அனுப்பியிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து விஜய்ராஜ் ஒரு மூங்கில் கேட்டான். நாசில் குழாயை மூங்கிலில் கட்டி நீளமாக்கினார்கள். வரிசைக்கு வெளியே வந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே அடித்துப் பார்த்தார்கள். நீலம் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை. இன்னும் கழுத்தில் விழுகிறதே, இதற்கு என்ன செய்ய என்று கயல் கேட்டாள்.

“எனக்கும் தெரியலம்மா” என்றார் சுந்தர்ராஜ். இந்தத் தடவை அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த புதனும் வரலாமா என்று கேட்டார். சீனிச்சாமி வாங்க என்று சொல்லவில்லை. வாசலை அடைக்கவும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. டக், டக். நின்றுபோகும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. நீலக்கறைச் சட்டையை அக்கம்மாள் துவைக்காமல் துணிக்கொடியில் போட்டிருந்தாள். அதை அவர் தொடவில்லை. வீட்டுக்குள் போய், பரணில் தேடி, பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துக்கொண்டு கிழக்குப் பந்தலுக்குள் போனார். இரண்டு வருஷத்துச் சருகு காலடியில் நொறுங்கியது. மருந்து வாடை மூக்கை அறுத்தது. மூன்றாவது தூணில் சட்டையைத் தொங்கவிட்டார்.

“இதப் போட்டுக்கிட்டு அடிடா” என்றார்.

சத்தம் ஓய்ந்தது. அவர் நாலு எட்டு எண்ணினார். அதையும் தாண்டி ஓய்ந்தே இருந்தது. ஒரு ஆள் சட்டையை மாட்டி, கைப்பொத்தான் வரைக்கும் போட்டு முடிக்கிற நேரம் இருக்கும்.

அப்புறம் டக், டக்.