வீட்டுப் பிள்ளைக்குக் கடைசிப் பந்தி

சுதீரிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும் அதை ஜெர்மனியில் இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் அன்னதானம் போலத்தான் செய்வான். வருசா வருசம் தேர்த் திருவிழாவில் அங்கே வாளி தூக்கிப் பரிமாறுகிறவன் அல்லவா? ஒருவர் சோறு, ஒருவர் பருப்பு, ஒருவர் பாயசம். எல்லாவற்றையும் ஒரே ஆள் தூக்கினால் பாதிப் பந்தியிலேயே கை கழன்றுவிடும் என்பான்.

பீலெஃபெல்ட் நகரில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளனாக வந்ததும் அவன் முதலில் செய்ததும் அதுதான். பந்தெறிகிற பிள்ளைகளைப் பெருக்கினான். மற்றப் பள்ளிகளில் கெட்டிக்காரன் ஒருவன் இருப்பான், அவனையே போட்டுத் தேய்ப்பார்கள். ஒரு பிள்ளை ஒரு நாளில் இவ்வளவு பந்துதான் எறியலாம் என்று விதி. அந்த அளவு முடிந்ததும் திருதிருவென்று முழிப்பார்கள். சுதீரிடம் நாலு பேர். வேகத்துக்கு மதீசன். இடது கைக்கு யோனாஸ். பந்தை வளைத்துப் போட லாரா. நாலாவது, அவனுடைய மகள் கவிசா.

மதீசன் கிரிக்கெட்டில் வளர்ந்தவன். முழங்கை மடங்கினால் குற்றம் என்று ஊறிப்போன பிள்ளை. கவிசாதான் பின்னேரங்களில் பக்கத்தில் நின்று எறிந்து காட்டி அந்தக் கையை மடக்க வைத்தாள். பந்தை எந்த விரலால் திருப்புவது என்று லாரா படித்ததும் அவளிடம்தான். ஆனால் ஆட்டம் என்று வந்தால் அவள் எப்போதும் நாலாவது. அவளுடைய முறை வருவதற்குள் மற்ற மூவரும் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். பாவம், ஒரு போட்டியில்கூட அவள் பந்தெறியும் மேட்டில் ஏறியதில்லை.

"சொந்தப் பிள்ளையைத் தூக்கிவிடுறான் எண்டு சனம் கதைக்கும், தேனு," என்றான் சுதீர் மனைவியிடம். "வீட்டுக்காரர் கடைசிப் பந்தியிலைதானே இருக்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்."

தேனுஜா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அதைச் சொன்னவர் பெத்தவளிட்டை ஒருக்கால் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம். உங்கடை மோள் இந்த வருசத்தோடை பள்ளிக்கூடம் முடிக்கிறாள். சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஞாபகம் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

இருந்து என்ன? சனிக்கிழமையும் அதே வரிசைதான். கவிசா கையுறையை மடியில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்து மர வாங்கில் இருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. அது சுதீரைச் சுட்டது. சுட்டும் வரிசையை மாற்றவில்லை, அந்த விடாக்கண்டன்.

அன்று எதிரணிப் பிள்ளைகள் பொறுமைசாலிகள். அடிக்காமல் விட்டுவிட்டுப் பந்துகளை வீணாக்க வைத்தே மதீசனையும் யோனாஸையும் முடித்துவிட்டார்கள். கடைசிச் சுற்றில் சுதீரின் அணி ஒரே ஓட்டம் முன்னால் நின்றது. மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். லாரா இரண்டு பேரை வெளியேற்றினாள், அத்தோடு அவளுடைய அளவும் சரி. அப்போதும் பாருங்கள், எறியவே தெரியாத பிள்ளைகளின் முகங்களைத் துழாவிக்கொண்டு நின்றான் மனிதன்.

"அப்பா, எல்லாரும் சாப்பிட்டாச்சு," என்றாள் கவிசா மெதுவாக. "வீட்டுக்காரர் எப்ப பந்தியிலை இருக்கிறது?"

சுதீர் பந்தை அவள் கையில் வைத்தான்.

முதலில் வந்தவனுக்கு நாலு பந்தும் பிழையாகப் போயின. அப்படிப் போனால் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கலாம், அவன் நடந்தான். அடுத்தவனும் நடந்தான். எதிர்ப்பக்கத்தில் கைதட்டல் தொடங்கியது. சுதீர் எழுந்து மேட்டை நோக்கிப் போனான். பயிற்சியாளர் அப்படிப் போவது பெரும்பாலும் பந்தைத் திருப்பி வாங்கத்தான். அவன் வாய் திறக்கும் முன்பே கவிசா பந்தை நீட்டினாள்.

"எடுங்கோ அப்பா. என்னாலை ஏலாது போலை."

அவன் அந்த விரல்களைப் பந்தின் மேலேயே மூடினான். "பந்தியிலை இருத்தினாப் பிறகு ஆரையும் எழுப்பிறேல்லை, பிள்ளை."

"தோத்தா?"

"தோத்தாத் தோப்பம். நீ ஆறுதலா இருந்து சாப்பிடு."

திரும்பி வந்து வாங்கில் இருந்தான். மூன்றாவது வந்தவன் ஓங்கி அடித்தான். பந்து உயரப் போய், அங்கேயே யோசித்து நின்றுவிட்டு, நேரே கீழே வந்தது. கவிசா இரண்டடி பின்னால் வைத்துக் கையுறையை விரித்தாள். பந்து உள்ளே விழுந்தது. அத்தோடு வெளியேற்ற வேண்டிய மூன்றாவது ஆளும் வெளியே, ஒரே ஓட்டத்தில் வெற்றி. மதீசனும் லாராவும் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினார்கள்.

சுதீர் இருந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதான். சுற்றிலும் சனம் பார்த்தது. சொந்தப் பிள்ளைக்காக அழுகிறான் என்று கதைக்கிறதென்றால் கதைக்கட்டும் என்று முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.