விரல் நின்ற வசனம்

கொட்டக்குடி ஆற்றில் பொதிமாடு போனது, அதன் முதுகில் இருந்த அரிசி போனது, மருந்துப்பெட்டி போனது. மாட்டை ஆற்றில் இறக்கிய சாமுவேல் மட்டும் போகவில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கி, இடுப்பு வேட்டியை ஆற்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, பிறந்த கோலத்தில் கரையேறினான். தலையில் துண்டு சுற்றிக் கட்டியிருந்த வேதப்புத்தகம் ஓரம்கூட நனையவில்லை. “ஆண்டவர் தன் வார்த்தையைக் காப்பாத்திக்கிட்டாரு” என்று பல் கிட்டிக்க அவனே சொல்லிச் சிரித்தான். அது அன்றைக்கு.

சாமுவேல் என்பது ஞானஸ்நானப் பெயர். அதற்கு முன் வேலுச்சாமி. “வேலுச்சாமியைத் தலைகீழாத் தொங்கவிட்டா சாமுவேலு. உபதேசியாருக்கு ரொம்ப மெனக்கெடு இல்ல” என்று தன்னைத்தானே நையாண்டி செய்துகொள்வான். குரங்கணியில் பொதியேற்றி மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கொண்டுசேர்ப்பது அவன் சோலி. முந்தியெல்லாம் மலையேறுமுன் அடிவாரத்துச் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பான். வெள்ளைப் பூ வந்தால் ஏறலாம், சிவப்பு வந்தால் திரும்பிவிட வேண்டும். அதெல்லாம் அஞ்ஞானம் என்று போடியிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு வருகிற பால்சாமி உபதேசியார் சொன்னார். சாமுவேல் பூவை விட்டான். பதிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் போய் நிற்கிற வசனத்தை உத்தரவாக எடுத்துக்கொண்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த உபதேசியார், “இனிமே உலகத்தை ஆண்டவர் கண்ணால பாக்கணும்” என்றும் சொல்லியிருந்தார். சாமுவேல் தன் கண்ணை மூடிக்கொண்டதோடு சரி.

அவன் பெண்டாட்டி மருதாயிக்கு எழுத்து தெரியாது. உபதேசியார் வந்த ஞாயிறு காதில் விழுந்த ஒரே ஒரு வசனத்தை அடுத்த மாதம் வரைக்கும் அசைபோடுவாள். காய் பறிக்கும்போதும் அதுதான், கஞ்சி காய்ச்சும்போதும் அதுதான். விடியுமுன் எழுந்து முட்டிபோடுவாள். உதடு அசையாது.

“என்னத்தைப் புள்ள அவர்கிட்டக் கேக்குறே?”

“ஒண்ணும் கேக்கலை. சும்மா அவர்கூட இருக்கேன்.”

“சும்மா இருக்குறதுக்கு முட்டி ஏன் தேயணும்?” என்பான். அவன் ஜெபம் கங்காணியிடம் முன்பணம் கேட்பது போல. கும்பிடு கொஞ்சம், கோரிக்கை நிறைய.

அந்த ஆவணியில் லயம் முழுக்கக் காய்ச்சல். அவர்களுடைய ஒரே மகள், மூன்று வயதுப் பேச்சியும் படுத்துவிட்டாள். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாத்தூள் தீர்ந்துவிட்டது, கீழே போய் வெரசாக் கொண்டா என்று தோட்டத்துக் கம்பவுண்டர் சாமுவேலை விரட்டினார். மருந்துப்பெட்டியோடு அவன் ஆற்றங்கரைக்குத் திரும்பி வந்தபோது சாயங்காலம். மேலே கொட்டிய மழையில் ஆறு செம்மண்ணாகப் பொங்கி, மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு ஓடியது. கூடவே பொதி ஓட்டிவந்த கோட்டைச்சாமி, மாட்டைப் பாறை ஓரம் கட்டிவிட்டுப் புகையிலையை எடுத்தான்.

“விடிஞ்சா வத்திரும். இரு மாப்ளே.”

“பிள்ளை கெடக்குறா, மச்சான்.”

“அதுக்குத்தான் இருங்குறேன்.”

சாமுவேல் புத்தகத்தைத் திறந்தான். முதல் தடவை விரல் நின்ற இடத்தில் யாரோ யாரையோ பெற்றார்கள். இரண்டாம் தடவை ஆட்டுக் கொழுப்பை என்ன செய்வது என்று இருந்தது. மூன்றாம் தடவை, எழுந்து மலைமேல் ஏறச்சொல்லி எப்போதோ எவருக்கோ வந்த கட்டளை.

“பாத்தியா மச்சான், உத்தரவு!”

“ஏண்டா, புஸ்தகத்துக்கு நீச்சல் தெரியுமா?”

அப்புறம்தான் அந்த வேரும் வேட்டியும்.

மறுநாள் ஆறு முழங்காலளவுக்கு வற்றியிருந்தது. கோட்டைச்சாமி சாக்கு நனையாமல் கடந்து மத்தியானம் லயத்துக்கு வந்து சேர்ந்தான். அவன் பொதியில் அரிசியும் கருவாடும்தான் இருந்தன. வேறு மருந்துக்குப் போடிக்குப் போன ஆள் திரும்புமுன் பேச்சி அடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு சாமுவேலுக்கு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான். ஆண்டவர் செய்தாரா, நான் செய்தேனா? ஆண்டவர் செய்தார் என்றால் புத்தகத்தையும் ஆற்றில் விட்டுவிட்டு மறுபடி பூக்கட்டப் போய்விடலாம். தான் செய்தான் என்றால் எங்கே போவது?

கம்பவுண்டரைக் கேட்டான். “மருந்து வந்திருந்தாலும் நிச்சயம் சொல்ல முடியாதுப்பா” என்றார். கோட்டைச்சாமி, “விதி மாப்ளே. இந்தா, வெத்தலை போடு” என்றான். இருன்னு சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். உபதேசியார் தோளில் கைவைத்தார்.

“அவர் சித்தம், சாமுவேல்.”

“அப்ப ஏறச்சொன்னது அவர்தானா, ஐயா?”

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். “ஜெபத்துல வைப்போம்” என்றார்.

பதில் இல்லாத சாமானையெல்லாம் தூக்கிப் போடுகிற பரணாக்கும் ஜெபம் என்று சாமுவேலுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. மனுசன் அவ்வளவு தூரம் மலையேறி வந்திருந்தார்.

மருதாயி மட்டும்தான் பாக்கி. கஞ்சி ஊற்றினாள், அடுப்புக்கு விறகு கொண்டுவந்தாயா என்று கேட்டாள், விடியுமுன் எப்போதும்போல முட்டிபோட்டாள். முன்னைக்கு இப்போது வெகுநேரம். உதடும் அசைந்தது. அவனும் பக்கத்தில் முட்டிபோட்டால் எழுந்துவிடுவாள்.

ஒருநாள் காய் பறிக்கிற சரிவுக்கே போய்விட்டான். ஏலச்செடித் தூரில் குனிந்து உட்கார்ந்திருந்தவள் எதிரில் குத்தவைத்தான்.

“ஏ புள்ள, எல்லாரும் மழுப்புறாக. நீயாவது சொல்லு. ஆண்டவரா, நானா?”

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. “ஆறு எப்படி ஓடுச்சு?”

“செவப்பா... மரமெல்லாம் உருட்டிக்கிட்டு ஓடுச்சு.”

“கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“காமிச்சது யாரு?”

அவன் கீழே உதிர்ந்துகிடந்த காயைப் பொறுக்கி அவள் மடியில் போட்டான்.

“கோட்டைச்சாமி அண்ணன் இருன்னு சொல்லுச்சாமே. அந்த வாயை அதுக்குக் குடுத்தது யாரு? ஆண்டவரு அத்தனை தடவை சொல்லியிருக்காரு. நீ கண்ணை மூடிக்கிட்டுப் புஸ்தகத்துல வெரலை விட்டுத் துழாவியிருக்கே.”

மடியில் சேர்ந்த காயைக் கூடையில் கொட்டினாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அவர் இல்லய்யா. நீதான். நம்ம பிள்ளையை நீதான் கொன்னே. தெனமும் விடியுமுன்ன அவர்கிட்ட இதைத்தான் சொல்லி அழுகுறேன். உன்கிட்ட இன்னைக்குத்தான் சொல்றேன்.”